ஹெல்சிங்கி – டோக்கியோ: ஒன்பது மணி நேரமா, பதிமூன்று மணி நேரமா?

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. தூக்கம் வராத ராத்திரிகளில் அவற்றில் சும்மா ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கும் போவதற்காக இல்லை. சிலர் சமையல் வீடியோ பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அப்படி ஒருநாள் ஹெல்சிங்கி – டோக்கியோ என்று போட்டேன். 7,830 கிலோமீட்டர் சொச்சம், ஒன்பதேகால் மணி நேரம் என்று வந்தது. சரி, டிக்கெட் என்ன விலை இருக்கும் என்று டிக்கெட் விற்கும் தளத்துக்குப் போய்ப் பார்த்தால், நேரடி விமானத்துக்குப் பயண நேரம் 13 மணி என்று போட்டிருக்கிறது. நடுவில் எங்கும் இறங்காத விமானம். அப்படின்னா அந்த நாலு மணி நேரம் எங்கே போச்சு? நாலு மணி நேரத்தில் சென்னையிலிருந்து கிளம்பியவர் கிட்டத்தட்ட சிங்கப்பூரையே எட்டிவிடுவார்.

இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கணக்கு, காற்று, பனிப்போர், ஒரு விமானக் கம்பெனியின் தலையெழுத்து என்று பல இடங்களுக்குப் போய் வர வேண்டியதாகிவிட்டது. படித்துச் சேர்த்த குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தூரம். அந்த இணையதளம் சொன்ன 7,830 சரியா? சரிதான். நாமே போட்டுப் பார்க்கலாம். ஹெல்சிங்கி விமான நிலையம் வடக்கு 60.3 டிகிரி, கிழக்கு 25 டிகிரி. டோக்கியோவின் நரிட்டா வடக்கு 35.8, கிழக்கு 140.4. பூமியின் நடுமையத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே என்ன கோணம் விழுகிறது என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்தில் படித்த சைன், கோசைனை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். விடை 70.4 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 7,830 பக்கத்தில் வந்து நிற்கும்.

கணக்கு பிடிக்காதவர்கள் பூகோள உருண்டையும் ஒரு நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையை ஹெல்சிங்கியில் விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு முனையை டோக்கியோவில் இறுக்கி இழுத்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் போய் உட்காரும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்பார்கள். நூல் போகிற வழியைக் கவனியுங்கள். டோக்கியோ ஹெல்சிங்கிக்குத் தென்கிழக்கே இருக்கிற ஊர். ஆனால் நூல் ஹெல்சிங்கியை விட்டுக் கிளம்பியதும் வடகிழக்கே ஏறுகிறது! ஆர்க்டிக் வட்டத்தைக் கொஞ்சம் தாண்டி, வடக்கு ரஷ்யாவில் வொர்குட்டா என்கிற நிலக்கரி நகரத்துக்குப் பக்கம் வரை போய், அங்கிருந்துதான் தெற்கே சரிந்து, சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து, ஜப்பான் கடலுக்கு வருகிறது.

சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இது தெரியாது. அந்த நேர்கோடு மங்கோலியா, சீனா வழியாகப் போகும். பார்க்க நேராக இருக்கும், ஆனால் நீளம் 8,780 கிலோமீட்டர். நூலைவிட 950 கிலோமீட்டர் கூடுதல். உருண்டையை உரித்துத் தட்டையாக ஒட்டிய படத்தில் நேர்கோடு நேரான வழி இல்லை. இது பலருக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதால் இதோடு விடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த நூலை இன்னொரு தடவை பாருங்கள். கிளம்பியதும் 400 கிலோமீட்டர் போல ஃபின்லாந்து. கடைசியில் 1,000 கிலோமீட்டர் போல ஜப்பான் கடலும் ஜப்பானும். நடுவில் சீனாவின் வடகிழக்கு மூலையை ஒரு ஓரமாகத் தொடுகிறது. மிச்சமெல்லாம் ரஷ்யா. ஏறக்குறைய முக்கால் பங்கு வழி ஒரே நாட்டின் தலைக்கு மேல். கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் நேரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். இந்தத் தளங்கள் செய்வது ரொம்ப எளிமை. தூரத்தை மணிக்கு 850, 900 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரைமணி நேரம் சேர்த்துவிடுகின்றன. 7,830-ஐ 900-ஆல் வகுத்தால் 8.7. அரைமணி சேர்த்தால் ஒன்பதேகால். அவ்வளவுதான். தளத்துக்குக் காற்றும் தெரியாது, எல்லையும் தெரியாது.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஜப்பானியரைச் சொல்லாமல் போகக்கூடாது. வசாபுரோ ஓயிஷி என்று ஒரு வானிலை ஆய்வாளர். டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதேனோ என்ற இடத்தில் வானிலை ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் திசையையும் வேகத்தையும் அளந்தார். உயரே, குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறு மாதிரி பயங்கர வேகத்தில் காற்று ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கு நாம் ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் மனிதர் தன் அறிக்கையை 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழி என்று அவர் நம்பிய மொழியில் எழுதினார். விளைவு, வெளியே அநேகமாக யாருமே படிக்கவில்லை. 1944 கடைசியில் ஜப்பான் மீது குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு, குறி தப்பித் தடுமாறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு அதன் பலம் உறைத்தது. எந்த மொழியில் எழுதுவது என்று யோசிக்கிற எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

இந்தக் காற்றால் கிழக்கே போகிற விமானம் தள்ளிவிடப்படும், மேற்கே வருகிற விமானம் எதிர்நீச்சல் போடும். பழைய ஹெல்சிங்கி – டோக்கியோ அட்டவணைகளில் போகும்போது ஒன்பதரை மணி நேரம் என்றால் திரும்பும்போது பத்து மணியைத் தாண்டும். அரைமணி, முக்கால் மணி வித்தியாசம். ஆக, காற்று கொஞ்சம் தின்னும். ஆனால் நாலு மணி நேரத்தைத் தின்னாது. அதைத் தின்றது எல்லை.

வானத்துக்கு ஏது எல்லை என்று கேட்கலாம். சட்டப்படி உண்டு. 1944 டிசம்பரில் சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே இருக்கும் வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்பதுதான். கடலில் கரையிலிருந்து சில மைல் தாண்டினால் யாரும் போகலாம். வானத்தில் அந்தச் சலுகை நிலத்துக்கு மேலே கிடையாது. ‘நீ என் தலைக்கு மேல் இறங்காமல் கடந்து போய்க்கொள், நான் உன் தலைக்கு மேல் போய்க்கொள்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் அனுமதி கொடுக்கும் தனி ஒப்பந்தம் ஒன்றும் அப்போதே போட்டார்கள். இன்றைக்கு அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இல்லாதவை யார் என்று பார்த்தால் ரஷ்யா, சீனா, கனடா. நிலப்பரப்பு அதிகமாக வைத்திருப்பவர்கள்! சோவியத் யூனியன் சிகாகோ மாநாட்டுக்கே வரவில்லை.

ஆகவே 1950-களில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் பறக்க வேண்டுமானால் நம்ம ஊர்ப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். மத்திய கிழக்கு, இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று தொட்டுத் தொட்டு, இரண்டு நாளுக்கு மேல் ஆகும். 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் ஒரு காரியம் செய்தது. ரஷ்யாவின் மேல் போக முடியாதா, சரி, அதன் தலையைச் சுற்றிப் போவோம் என்று கோபன்ஹேகனிலிருந்து வட துருவம் வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜுக்குப் போய், அங்கே எண்ணெய் போட்டுக்கொண்டு டோக்கியோவுக்கு இறங்கியது. நாலு இறக்கை விசிறி வைத்த டிசி-7சி விமானம். பயண நேரம் 32 மணி. அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

துருவத்துக்கு மேலே பறப்பது வெறும் துணிச்சல் சமாச்சாரம் இல்லை. அங்கே திசைகாட்டி உதவாது. காந்த வட துருவம் பக்கத்திலேயே இருப்பதால் முள் எங்கேயோ காட்டும். தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடுவதால் ‘வடக்கு’ என்ற சொல்லே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். துருவத்தின் மேல் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு. இதற்காகத் தனிச் சுழல்காட்டிக் கருவியும், வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு அந்தக் கட்டத்தை வைத்தே திசை சொல்லும் முறையும் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஒரு முப்பது வருடம் ஆங்கரேஜ்தான் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் இருந்த சத்திரம். பாதித் தூக்கத்தில் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம்பண்ணிய வெள்ளைக் கரடி, வரியில்லாக் கடை, அதற்குப் பக்கத்தில் ஒரு உடோன் நூடுல்ஸ் கடை. அந்தத் தலைமுறை ஜப்பானியர்களின் வெளிநாட்டுப் பயண நினைவுகளில் ஆங்கரேஜ் உடோன் இல்லாமல் இருக்காது. வெளிநாட்டில் இரண்டு வாரம் ரொட்டியும் வெண்ணெயும் தின்று நாக்கு செத்துத் திரும்பியவனுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப்! நமக்கும் இது புரியும்தானே.

சோவியத் கதவு முழுசாக மூடியே இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1967-ல் ஜப்பான் ஏர்லைன்ஸும் ஏரோஃப்ளோட்டும் சேர்ந்து மாஸ்கோ – டோக்கியோ ஓட்டினார்கள். சோவியத்தின் டியூ-114 விமானம், சோவியத் விமானிகள், கூடவே ஜப்பானியப் பணிப்பெண்கள். பின்னால் வேறு சில கம்பெனிகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் மாஸ்கோவில் இறங்கித்தான் போக வேண்டும்.

இப்போது ஹெல்சிங்கிக்கு வருவோம். 1983 ஏப்ரலில் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் இறங்காமல் பறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நிற்காமல் ஓடிய முதல் பயணிகள் சேவை அதுதான். டிசி-10 விமானத்தில் சரக்கு அறையில் கூடுதலாக ஒரு எரிபொருள் தொட்டி வைத்து, வட துருவத்துக்கு மேலே ஏறி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவில் இருக்கிற பேரிங் நீரிணை வழியாகப் பசிபிக்கில் இறங்கி, ரஷ்யாவைத் தொடாமல் சுற்றிப் போனது. பயண நேரம் ஏறத்தாழ 13 மணி.

இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடாமல் சுற்றுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தக் காலத்தில் இரண்டு சாட்சிகள். 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குக் கிளம்பிய கொரிய விமானம் துருவப் பகுதியில் திசை தடுமாறி, தெரியாமலே திரும்பி, சோவியத் எல்லைக்குள் மர்மான்ஸ்க் பக்கம் போய்விட்டது. போர் விமானம் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். விமானி எப்படியோ உறைந்து கிடந்த ஒரு ஏரி மேல் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். அடுத்தது 1983 செப்டம்பர் 1. ஃபின்ஏர் தன் நேரடி சேவையைத் தொடங்கி நாலே மாதம். ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போன கொரியன் ஏர்லைன்ஸ் 007, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சகாலின் தீவுக்குப் பக்கத்தில் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகன், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ், தயாரானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார். இன்று உங்கள் போனில் ஆட்டோக்காரர் எங்கே வருகிறார் என்று பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் இந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

1980-களின் நடுவிலிருந்து சோவியத் மெதுவாக இளகியது. சைபீரியாவுக்கு மேல் நிற்காமல் போகும் அனுமதி ஒவ்வொருவருக்காகக் கிடைத்தது. 1991-ல் சோவியத்தே கலைந்த பிறகு ஆங்கரேஜ் சத்திரத்துக்குப் பயணிகள் வருவது நின்றுபோனது. (சரக்கு விமானங்கள் இன்றும் அங்கே குவிகின்றன. சரக்கு ஏற்றினால் எண்ணெய்க்கு இடமிருக்காது, ஆகவே நடுவில் நிற்க வேண்டும்.) அனுமதி சும்மா இல்லை. ஐரோப்பிய விமானக் கம்பெனிகள் சைபீரியாவைக் கடக்க ரஷ்யாவுக்கு, அதுவும் நேராகப் போட்டிக் கம்பெனியான ஏரோஃப்ளோட்டுக்கே, காசு கொடுத்தன. 2000-களில் ஆண்டுக்குச் சுமார் 30 கோடி யூரோ. ஐரோப்பிய ஒன்றியம் முணுமுணுத்துக்கொண்டே கட்டியது. சுற்றிப் போவதைவிட அது மலிவு.

இந்தத் திறப்பில் லாட்டரி அடித்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். 55 லட்சம் பேர் இருக்கிற, ஐரோப்பாவின் ஓர் ஓரத்தில் கிடக்கிற நாடு. உள்ளூர்ப் பயணிகளை மட்டும் நம்பினால் டோக்கியோ, ஒசாகா, நகோயா, சியோல், ஷாங்காய் என்று நாலா பக்கமும் பெரிய விமானம் ஓட்ட முடியாது. ஆனால் உருண்டையில் நூலை வைத்துப் பார்த்தால் லண்டன், பாரிஸ், மாட்ரிட் எல்லாவற்றிலிருந்தும் கிழக்காசியாவுக்குப் போகிற நூல் ஹெல்சிங்கியை ஒட்டித்தான் போகிறது. அதனால் ஐரோப்பா முழுக்க இருந்து ஆட்களை ஹெல்சிங்கிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆசியாவுக்கு அனுப்புவதையே தொழிலாக்கினார்கள்.

அதற்கு உள்ளே இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒன்பதரை மணி நேரம் போக, பத்தரை மணி நேரம் வர, நடுவில் சுத்தம் செய்து எண்ணெய் போட மூன்று, நாலு மணி நேரம். கூட்டினால் 24. ஒரே விமானம் இன்று சாயங்காலம் கிளம்பி நாளைச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்து, அதே நேரத்துக்கு மறுபடி கிளம்பிவிடும். ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு தினசரி சேவை! பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ இதைச் செய்ய முடியாது, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பல நூறு கோடி ரூபாய் பெறுமானமுள்ள விமானம் ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் நஷ்டம் என்கிற தொழிலில் இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் இருக்கிற இடமே மூலதனம். ஆனால் அந்த மூலதனம் பக்கத்து வீட்டுக்காரன் திறந்துவைத்த வாசலை நம்பி இருந்தது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. 27-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. அந்த 36-ல் ஃபின்லாந்தும் உண்டு. உருண்டை மேல் இழுத்த நூலில் முக்கால் பங்கு ஒரே நாளில் அறுந்துபோனது.

ஃபின்ஏர் ஆசிய சேவைகள் பலவற்றை நிறுத்திவிட்டு, மார்ச் 9-ம் தேதி டோக்கியோவுக்கு மறுபடி கிளம்பியது. பயண நேரம் 13 மணி. 1983-ல் டிசி-10 எடுத்துக்கொண்ட அதே 13 மணி. நடுவில் 39 வருடம், இரண்டு தலைமுறை விமானம், செயற்கைக்கோள் வழிகாட்டல், எல்லாம் வந்தாயிற்று. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு. நேரம் முன்னால் மட்டும்தான் போகும், தொழில்நுட்பம் தூரத்தைச் சுருக்கிக்கொண்டே வரும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறதே, அதன் மேல் ஒரு குட்டு.

சுற்ற இரண்டு வழி. ஒன்று பழைய வடக்கு வழி. நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், வட துருவம், அலாஸ்கா ஓரம், பேரிங் நீரிணை, பிறகு கம்சாட்கா தீபகற்பத்தைத் தள்ளி நின்று தெற்கே. ஹெல்சிங்கியிலிருந்து துருவம் 3,300 கிலோமீட்டர், துருவத்திலிருந்து பேரிங் நீரிணை 2,700, அங்கிருந்து டோக்கியோ நேராகவே 4,660. கூட்டினால் 10,600-க்கு மேல். கம்சாட்காவை விட்டு விலகிப் போகிற வளைவு இதற்கு மேல் தனி. இன்னொன்று தெற்கு வழி. உக்ரைன் வானமும் மூடிவிட்டதால் கருங்கடலுக்குத் தெற்கே துருக்கி, காகசஸ், காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா, கொரியா. உருண்டையில் இஸ்தான்புல், பாகு, உரும்ச்சி என்று புள்ளி வைத்து அளந்து பார்த்தேன், 11,500 வருகிறது. எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எப்படிப் போனாலும் பழைய தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு.

செலவு ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை என்பதுதான் விமானத்தின் விசித்திரம். தூரம் போக எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகவும் எண்ணெய் வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு 3 சதவீதம் போல அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும் என்பது தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. எண்ணெய் எடை ஏறினால் சரக்கு குறைய வேண்டும், சில சமயம் ஆளும் குறைய வேண்டும். விமானிகளுக்கும் ஓய்வு முறை போட வேண்டும் என்பதால் ஒரு பயணத்துக்குக் கூடுதல் விமானிகள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த 24 மணி நேரச் சக்கரம் உடைந்துபோனது. 13-ம் 13-ம் சேர்த்தாலே 26. ஃபின்ஏர் தன் பெரிய விமானங்களில் சிலவற்றை வேறு கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டது. ஃபின்லாந்து வண்ணம் பூசிய ஏ330 ஒன்று ஆஸ்திரேலியாவின் குவாண்டஸுக்காகப் போய்வர ஆரம்பித்தது. டல்லாஸ், சியாட்டில், தோஹா என்று வேறு திசைகளில் கடை விரித்தார்கள்.

துருவ வழிக்கு இன்றும் தனி ஏற்பாடுகள் உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோனால் எத்தனை நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஆரம்பத்தில் 60 நிமிடமாக இருந்தது, எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக நீண்டது. ஃபின்ஏர் ஓட்டும் ஏ350 ரகத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி பெறும் தகுதி உண்டு. அதாவது ஒற்றை எஞ்சினில் ஆறு மணி நேரம்! இது இல்லாவிட்டால் துருவத்தைத் தாண்டவே முடியாது. எரிபொருளையும் கவனிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்த இடங்கள் அங்கே உண்டு. தொட்டியின் வெப்பம் ரொம்ப இறங்கினால் விமானி கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், ஆகவே தகவல் தொடர்புக்கு வேறு வழி. அமெரிக்க விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. 78 டிகிரிக்கு வடக்கே போகிற விமானத்தில் கடும் குளிர் தாங்கும் உடை இரண்டாவது இருக்க வேண்டும். இரண்டு! எங்காவது இறங்க நேர்ந்தால் பணியாளர் வெளியே போய் வேலை பார்க்க. பயணிகள் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

ஃபின்ஏர் இத்தனை கஷ்டத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தது. துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழும் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தது. நாலு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்குக் கூலி.

வாசல் எல்லாருக்கும் மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீனக் கம்பெனிகள் சைபீரியாவுக்கு மேல் பழையபடி போகின்றன. ஆகவே ஹெல்சிங்கி – ஷாங்காய் வழியில் சீன விமானம் ஒரு நேரம், ஃபின்லாந்து விமானம் வேறு நேரம். ஊர்கள் அதே ஊர்கள்தான். ஏர் இந்தியாவும் அமெரிக்காவுக்குப் போக அந்த வழியைப் பயன்படுத்தியது. 2023 ஜூன் 6 அன்று டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 216 பயணிகளோடு போன விமானத்தில் எஞ்சின் கோளாறு. இறங்கிய இடம் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதான். ஊரில் தங்க இடம் போதவில்லை, பலர் பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மாற்று விமானம் வந்து ஏற்றிக்கொண்டு கிளம்ப ஜூன் 8 ஆகிவிட்டது. குறுக்கு வழியில் இப்படியும் ஒரு விலை இருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டில்லியிலிருந்து மேற்கே போனவர்களும் இதே கணக்கைத்தான் அனுபவித்தார்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் டோக்கியோ ஹெல்சிங்கியைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருக்கும், கோடையில் ஆறு. சாயங்காலம் 5:30-க்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் ஹெல்சிங்கி கடிகாரத்தில் காலை 6:30, டோக்கியோ கடிகாரத்தில் மதியம் 1:30. டிக்கெட்டில் 5:30, 1:30 இரண்டையும் பார்த்துக் கழித்து 20 மணி நேரப் பயணம் என்று பயந்துவிடாதீர்கள். இரண்டு ஊர்களும் உள்ளூர் நேரத்தைத்தான் போடுவார்கள்.

அந்த வடக்கு வழியில் இன்னொரு வேடிக்கை. துருவத்தில் எல்லா நேர மண்டலங்களும் ஒரே புள்ளி. தாண்டியதும் அலாஸ்கா பக்கம் முந்தின நாள், பேரிங் கடலில் தேதிக்கோட்டைக் கடந்ததும் அடுத்த நாள். ஜப்பான் ஏர்லைன்ஸின் லண்டன் சேவையில் இது முழு வட்டமாகவே ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து போகும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்கப் பேரிங், அலாஸ்கா, கிரீன்லாந்து என்று கிழக்கு முகமாகவே லண்டனுக்குப் போகிறார்கள். திரும்பும்போது பின்காற்றைப் பிடித்து மத்திய ஆசியா, சீனா வழியாக, அப்போதும் கிழக்கு முகமாகவே. வேலை விஷயமாக லண்டன் போய்விட்டு அதே வாரத்தில் திரும்புகிற ஒரு டோக்கியோக்காரர், தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ரயில் ஏறுகிறார்.